நூற்று நாற்பத்திரண்டு விதைகள்

1978இல் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு ஓட்டின் விலை ஒரு டின் பாலும் ஒரு கட்டுச் சுருட்டும். பக்கத்து ஊரான ரிங்லெட் கடையில் இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளி எண்பது காசு. அதற்கு மேல் கேட்டவன் ஒருவனுமில்லை. நான் பினாங்குக் கடைத்தெருவில் வளர்ந்தவன். விலையைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடக்க வேண்டும் என்பதை எங்களுக்கு நடை பழகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சொன்ன விலைக்கே ஓட்டைக் கொடுத்துவிட்டுப் போன ஜனங்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஜனநாயகத்தை நினைத்து அல்ல, வியாபாரத்தை நினைத்து.

பெண்களின் ஓட்டுக்கு விலை இல்லை. உயர்ந்த பொருள் என்பதால் அல்ல. அப்படி ஒரு சரக்கே அங்கு இல்லை.

மாதம் ஒரு முறை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணி மூட்டையோடு கல்லுமலைக்கு ஏறுவேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பாய் விரித்துச் சேலைகளைப் பரப்புவேன். தீபாவளி கழிந்த ஞாயிறு மட்டும் வியாபாரம் ஒரு மணி நேரம் நிற்கும். அன்றுதான் தலைவர் தேர்தல். தலைவர் என்றால் தோட்டத்து ஜனங்களுக்காக, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசுகிறவர். தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவர் சொல்ல வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் எது யாருக்கு என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான்.

தேர்தல் முறை எளிது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஓட்டு என்றால் கை. கை என்றால் வீட்டுக்காரன் கை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆண்கள் நிற்பார்கள். "கருப்பையாவே இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க" என்று தலைவர் கருப்பையாவே சொல்வார். எல்லாரும் தூக்குவார்கள். எண்ணுவதும் அவரே. பதினாலு வருடமாக இதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

அந்த வருடம் வீடு அறுபத்து மூன்று, கை அறுபத்திரண்டு. பதினேழாம் நம்பர் வீட்டில் கை இல்லை. அந்த வீட்டு நாகப்பன் எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் மனைவி மணியம்மா இருந்தாள், இரண்டு பெண் பிள்ளைகளோடு. அவளுக்கும் இரண்டு கை உண்டு. ஒரு நாளைக்கு முப்பது கிலோ கொழுந்து எடுக்கும் கைகள். ஆனால் அவை தேர்தலுக்கு உதவாத கைகள்.

தேர்தல் முடிந்த மறுநாள் கருப்பையா துரையிடம் பட்டியல் கொண்டுபோனார். அதில் ஒரே ஒரு மாற்றம். பதினேழாம் நம்பர் வீடு அவர் மகன் சிங்காரத்துக்கு. தைப்பூசம் கழிந்து அவனுக்குக் கல்யாணம். மணியம்மாவும் பிள்ளைகளும் கீழ் லயத்தில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்துகொள்ளலாம். இதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மகனுக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரன் இல்லாத வீடு ஒன்று இருந்தது.

துரை புதியவர், ஈப்போக்காரர், கணக்குப் படித்தவர். பட்டியலைப் பார்த்தார், வேலையாட்கள் பெயரெல்லாம் பதிந்த செக்ரோலைப் பார்த்தார். பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் கிராணி அமிர்தலிங்கம். இருபது வருடமாகக் கொழுந்து நிறுத்துப் பெயர் எழுதுகிறவர். தூக்கத்திலும் பொய் சொல்ல வராது.

"எத்தனை ஓட்டில் வந்தீர்கள் என்று துரை கேட்டார். அறுபத்திரண்டு என்றார் கருப்பையா. செக்ரோலில் நூற்று நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்களே, எண்பது பேர் உங்களுக்கு எதிரா என்று துரை கேட்டார்."

"கருப்பையா என்ன சொன்னாரு?"

"'எதிரெல்லாம் இல்ல துரை. அவங்க பொம்பளைங்க, மிச்சம் கல்யாணமாகாதவனுங்க' என்றார்."

துரைக்கு இந்த விளக்கம் போதவில்லை. பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, செக்ரோலில் பெயர் உள்ள அத்தனை பேரும் ஓட்டுப் போட்டு வருகிற தலைவர் கையெழுத்துத்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார். உலகத்தில் பெண்களுக்கு ஓட்டு வாங்க எங்கெங்கோ ஊர்வலம் போனதாகக் கேள்வி. கல்லுமலையில் அது கழித்தல் கணக்கில் வந்தது.

இதைக் கேட்ட மணியம்மா, தானே நிற்கப்போவதாகச் சொன்னாள்.

டிசம்பர் ஞாயிறு நான் போனபோது கொட்டகையில் பேரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கருப்பையா, காலையிலும் மாலையிலும் கழற்றாத கம்பளிக் கோட்டோடு. எதிரே மணியம்மா. அவள் பக்கத்தில் டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் டோரீன். அவள் கையில் தானா ராத்தா ஊர் மாதா கோயிலில் வாங்கிய சின்னப் புத்தகம். மனித உரிமைகள், மொத்தம் முப்பது. கொசுறு கிடையாது.

"வாங்க பினாங்கு அண்ணே," என்றார் கருப்பையா. "நீங்க யாருக்கும் சொந்தக்காரர் இல்ல. நீங்களே நாயம் சொல்லுங்க. பொம்பளைங்களும் போடட்டும்னு நான் ஒத்துக்கிட்டேன். இதுக்கு மேல என்ன வேணும்கிறா இந்தப் புள்ள?"

அவர் ஒத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு ஒரு கை என்றிருந்தது இனி இரண்டு கையாகத் தூக்கப்படும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"கை தூக்கக் கூடாது," என்றாள் மணியம்மா. "யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியக் கூடாது."

"ஏன், உனக்குப் போடுறவங்களுக்கு வெக்கமா?"

"இல்ல தலைவரே. உங்களுக்குப் போடாதவங்களுக்குப் பயம்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் திடீரென்று என் சேலைகளை ஆராய ஆரம்பித்தார்கள்.

டோரீன் புத்தகத்தைப் பிரித்தாள். "இருபத்தொண்ணாவதுல இருக்கு மாமா. ரகசியமா போடணும்னு. எல்லாருக்கும் சமமான ஓட்டுன்னு."

"யாரு போட்ட சட்டம் இது? நம்ம துரையா?"

"இல்ல, உலகத்து நாடெல்லாம் சேர்ந்து."

"அவங்க இங்க வந்து மருந்து அடிப்பாங்களா?" என்றார் கருப்பையா. அவர் செடிக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி.

டோரீன் இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். "இதக் கேளுங்க அக்கா. இருபத்தஞ்சு. வீட்டுக்கு உரிமை உண்டாம். வேலையில்லாமை, நோய், ஊனம், கைம்மை, முதுமை, இதெல்லாம் வந்தாலும் பாதுகாப்பு உண்டாம்."

"கைம்மைன்னா?"

"புருஷன் செத்துட்டா."

மணியம்மா புத்தகத்தையே பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "யாரு சொன்னா அவங்ககிட்ட?"

"எவங்ககிட்ட?"

"எழுதுனவங்ககிட்ட. நாகப்பன் போயி ஒம்பது மாசந்தானே ஆச்சு."

"இது எழுதி முப்பது வருஷம் ஆச்சு அக்கா."

மணியம்மா புத்தகத்தின் அட்டையை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்: "முப்பது வருஷமாவா இது இங்க வந்து சேரல? லோரி தினமும் வருதே."

நான் கருப்பையாவைத் தனியே கூப்பிட்டேன். ரகசியம் என்றால் அவருக்கு இலாபம் என்று சொல்லிப் பார்த்தேன். வாங்கின சரக்கைப் பார்க்க முடியாது என்றால் யாரும் பால் டின் கேட்க முடியாதே, வருடா வருடம் அறுபத்திரண்டு டின் மிச்சம்தானே என்றேன். அவர் என் தொழிலை மதிக்கிறவர். யோசித்தார்.

"சரிலா. ஆனா ஒரே ஆளு ரெண்டு தடவ போட்டா?"

அங்கேதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே புத்தி வந்தது. நம்பர் தகரம். கல்லுமலையில் ஆளுக்கு ஒரு தகரச் சில்லு உண்டு, காசு அளவில், நடுவில் நம்பர் அடித்தது. கொழுந்து நிறுக்கும்போது கூடையோடு அதையும் தராசுப் பலகையில் வைக்க வேண்டும். கிராணி எடுத்துப் பார்த்து, "எண்பத்தெட்டு, மணியம்மா, பதினாறு கிலோ" என்று சொல்லி எழுதுவார். ஆளுக்கு ஒன்றுதான், இரண்டு கிடையாது. அந்தத் தகரத்தையே கூடையில் போட்டுவிட்டால் கள்ள ஓட்டுக்கு வழியில்லை. சாயங்காலம் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கருப்பையா தலையாட்டினார். மணியம்மா தலையாட்டினாள். டோரீன் "நல்ல யோசனை" என்றாள். கிராணி மகிழ்ந்துபோனார். நானும்தான் "பிரமாதம்" என்றேன். பினாங்கில் என் அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்.

ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வருடமாகத் தினமும் அந்தத் தகரத்தை வைத்து எடுத்து வைத்து எடுத்து, அது அவர்கள் கண்ணுக்கு ஒரு நம்பராகவே தெரியாமல் போயிருந்தது. ஆள் என்றால் தகரம், அவ்வளவுதான். அதைப் படிக்கிறவர் ஒருவரே. அவர்தான் எண்ணப்போகிறார்.

அன்று மத்தியானமே தேர்தல். கொட்டகையின் ஒரு மூலையில் என் மூட்டையிலிருந்த மாம்பழ நிறச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். புதுசு, பதினெட்டு வெள்ளி. திரைக்குப் பின்னால் இரண்டு கொழுந்துக் கூடைகள். கருப்பையாவின் கூடைக்குச் சிவப்புத் துணி, மணியம்மாவின் கூடைக்கு மஞ்சள் துணி. ஒவ்வொருவராகப் போனார்கள், தகரம் கிணுங்கியது, வெளியே வந்தார்கள். சில பெண்கள் வெளியே வரும்போது கோயிலில் முதல் முறை தேங்காய் உடைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சிலர் உள்ளே வெகுநேரம் நின்றார்கள். கருப்பையாவின் மனைவி சீதா போன வேகத்தில் திரும்பினாள்.

திரையை விலக்கினோம். மஞ்சள் கூடையின் அடி மறைந்திருந்தது. சிவப்புக் கூடையின் பிரம்பு அங்கங்கே தெரிந்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. ஆனால் முறை என்று ஒன்று உண்டே. மஞ்சள் கூடையைத் தராசுப் பலகையில் வைத்தார் கிராணி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் தகரத்தை எடுத்தார்.

"நாற்பத்தேழு, முருகையா," என்றார். கிலோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றார்.

முருகையா கருப்பையாவுக்கு மச்சான், சீதாவின் கூடப்பிறந்த தம்பி.

இரும்புக் கூரையில் சாரல் விழுவது மட்டும் கேட்டது. முருகையா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தகரம் போனால் மிச்சம் நூற்று நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் கிராணியிடம் ஒரு பெயர். தகரமெல்லாம் காலையில் வேலைக்கு வேண்டும். பெயர் சொல்லித்தான் திருப்பிக் கொடுக்க முடியும். எல்லாருக்கும் இது ஒரே நேரத்தில் புரிந்தது. நல்ல யோசனையும் அப்படித்தானே வந்தது.

"என்னங்க கிராணி ஐயா, நிறுத்திட்டீங்க?" என்றார் கருப்பையா மெதுவாக. "நல்லா சத்தமா வாசிங்க. கேக்கணும்ல எல்லாருக்கும்."

"தகரத்தைக் கவிழ்த்து வைத்து எண்ணலாமே," என்றேன்.

"ஏன் கவுக்கணும்? ஆளு சரியான ஆளான்னு பாக்கணும்ல? கள்ள ஓட்டு வரக் கூடாதுன்னு நீங்கதானே பிரமாதம்னீங்க."

கிராணியின் விரல்கள் அடுத்த தகரத்தின் மேல் இருந்தன. பெண்கள் கூட்டத்தில் ஒரு அசைவு. சீதா முந்தானையை எடுத்து, குளிருக்குப் போல, தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அவள் தகரம் எந்தக் கூடையில் என்று எனக்குத் தெரியாது. கருப்பையா மஞ்சள் கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மணியம்மா பலகையண்டை வந்தாள். மஞ்சள் கூடையை, முப்பது கிலோவைத் தூக்கும் அதே லாவகத்தோடு தூக்கி, சிவப்புக் கூடைக்குள் கவிழ்த்தாள். பிறகு கையை உள்ளே விட்டு, கொழுந்தில் மட்ட இலை தேடுகிற மாதிரி அடியோடு கிளறிவிட்டாள்.

"என்ன புள்ள பண்ற!" என்று கத்தினார் கருப்பையா.

"ரகசியம்னு சொல்லித்தான் வாங்கினேன்," என்றாள். "சொன்னது வேற, குடுக்கிறது வேறயா?"

"நீதான் ஜெயிச்சிருந்த அக்கா!" என்றாள் டோரீன். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"தெரியும்."

"வீடு?"

மணியம்மா குனிந்தாள். கூடையிலிருந்து கைக்கு வந்த தகரங்களை அள்ளிப் பலகையில் போட்டாள். "உங்க உங்க தகரத்த எடுத்துக்கங்க. நாளைக்கு வேல இருக்கு."

நான் வாழ்க்கையில் நிறையப் பேரம் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த சரக்கை, கொடுத்த வாக்குச் சரியில்லை என்று திருப்பிக் கொட்டியவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. என் தொழிலுக்கு அது நல்லதுதான்.

துரை ஜனவரி கடைசி வரை நேரம் கொடுத்தார். கருப்பையா மறு தேர்தலுக்கு ஒத்துக்கொள்ள ஒரு விலை கேட்டார்: இரண்டு பேருக்கும் சமமாக வந்தால் பழைய தலைவரே நீடிக்க வேண்டும். மணியம்மா கொடுத்தாள். அவளிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது?

இடைப்பட்ட நாட்களில் கருப்பையா சும்மா இருக்கவில்லை. லயம் லயமாகப் போய், வீட்டுக்கு வீடு வீட்டுக்காரனிடம் சொல்லி, பெண்களை மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பினார். அங்கே எரிகிற சூடத்தின் மேல் கையடித்து, மஞ்சள் கூடையில் போட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். முதலில் செய்தவள் சீதா. தலைவர் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டுமல்லவா.

தேர்தலன்று காலை அவளே என்னிடம் சொன்னாள். ஒரு சீட்டித் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, ஏதோ கிலோ சொல்கிற மாதிரி.

"சூடம் அணைச்சுட்டேன் அண்ணே. மஞ்சக் கூடையில போட மாட்டேன்."

"அப்ப உங்க ஓட்டு யாருக்குன்னு தெரிஞ்சு போச்சே."

"தெரிஞ்சா தெரியட்டும்." துணியை மடித்து வைத்தாள். "இருபது வருஷமா அவளுக்கு அடுத்த நிரையிலதான் கொழுந்து எடுக்கிறேன். மழைக்கு ஒரே பிளாஸ்டிக்குக்குள்ள நின்னிருக்கோம். இந்த ஒரு மாசமா பேச்சில்ல. இந்தத் துணி சாயம் போகுமா?"

"போகாது."

"போகாதுன்னுதான் எல்லாத் துணிக்கும் சொல்றீங்க," என்று சொல்லிவிட்டு வாங்காமல் போனாள்.

இந்த முறை தகரம் இல்லை. தொழிற்சாலைக்குப் பின்னால், கவ்வாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்துவிட்ட பழைய தேயிலைகள் கொஞ்சம் உண்டு. அதன் விதை கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அதில் நூற்று நாற்பத்திரண்டு பொறுக்கினோம். மரத்தடியில் இன்னும் நூறு கிடக்கிறதே, எவனாவது பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்று கருப்பையா கேட்டார். நியாயமான கேள்வி. டோரீன் டிஸ்பென்சரியிலிருந்து, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைப் பாட்டிலோடு கொண்டுவந்து விதைகளை முக்கி எடுத்தாள். முழுசாகக் காயவில்லை. தொட்ட விரலெல்லாம் ஊதா ஆயிற்று. அது ஒரு வாரத்துக்குப் போகாது என்றாள். அப்போதுதான் கவனித்தோம், இரண்டாம் முறை யாரும் வர முடியாதென்று. கல்லுமலையில் திட்டமிட்டுச் செய்தது கெட்டுப்போனது. தற்செயலாக நடந்தது சட்டமாயிற்று.

தகரத்தைக் கிராணியிடம் காட்ட வேண்டும். அவர் செக்ரோலில் கோடு போட்டுத் தகரத்தை அங்கேயே திருப்பிக் கொடுப்பார். நான் ஒரு விதை கொடுப்பேன். திரைக்குப் பின்னால் போய்க் கூடையில் போட்டுவிட்டு வர வேண்டும். திரை பழையபடி மாம்பழ நிறச் சேலை. அதை இனி யாரிடமும் புதுசு என்று விற்க முடியாது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

மணியம்மா கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எவனும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று. முருகையா வரிசையில் நேராக நின்றான். அவன் ஓட்டு ஏற்கெனவே ஊருக்குத் தெரியும் என்பதால் அவன் ஒருத்தன்தான் பயமில்லாமல் இருந்தான். சீதா உள்ளே போனாள். போன முறை மாதிரி உடனே திரும்பவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண், "அக்கா, உள்ள சோறாக்குறீங்களா?" என்று கேட்டு, எல்லாரும் சிரித்த பிறகுதான் வெளியே வந்தாள். கடைசி ஆளாகக் கருப்பையா, அவருக்கு முன்னால் மணியம்மா. நூற்று நாற்பத்திரண்டு கோடுகள் விழுந்தன. என் கையில் விதை மிச்சமில்லை.

எண்ணினோம். விதையில் பெயர் இல்லாததால் கிராணிக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வாய் வெறுமனே அசைந்தது. பத்துப் பத்தாகப் பலகையில் வைத்தார். சிவப்புக் கூடையில் எழுபது. கருப்பையா கோட்டுப் பொத்தானைப் போட்டார். சத்தியங்கள் வேலை செய்திருந்தன. போன மாதம் மஞ்சள் கூடையில் கிடந்தவை எத்தனையோ இங்கே வந்திருந்தன.

மஞ்சள் கூடை. ஏழு பத்து. மேலே ஒன்று.

"எழுபத்தொன்று," என்றார் கிராணி. பிறகு, "ஒன்று குறைகிறது," என்றார்.

மறுபடி எண்ணினார். நான் எண்ணினேன். டோரீன் எண்ணினாள். கூடைகளைக் கவிழ்த்துத் தட்டினோம். நூற்று நாற்பத்தொன்றுதான்.

"செல்லாது!" என்றார் கருப்பையா.

"ஏன் செல்லாது?" என்றேன்.

"காணாம போனது என்னோடதா இருந்தா?"

"சமம். நீங்கதான் தலைவர்."

"அதான் சொல்றேன்!"

"மணியம்மாவோடதா இருந்தா எழுபத்திரண்டு. கூடையில விழாத ஓட்ட யார் கணக்குல எழுதச் சொல்றீங்க?"

"எவனோ வெதைய வாங்காமலே போயிருக்கான். எல்லாரும் கையத் தூக்குங்க, வெரலப் பாக்கணும்!"

தூக்கினார்கள். கல்லுமலையில் தலைவர் தேர்தலுக்கென்று கை தூக்கியது அதுதான் கடைசி. பதினாலு வருடமாக ஆண்கள் மட்டும் தூக்கிய களத்துக்குப் பக்கத்தில், நூற்று நாற்பத்திரண்டு பேரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் விரல் நுனி ஊதா. கருப்பையா வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். சீதாவின் கையைப் பார்த்தார். ஊதா. தாண்டிப் போனார். கடைசியில் தன் கையைப் பார்த்தார். அதுவும் ஊதா.

எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். எல்லாரும் உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அவரே போட்ட ஒப்பந்தம்.

"சரிலா," என்றார் கடைசியில். "நீயே போ துரைகிட்ட. அந்தாளு பேசினா பாதி கணக்கு, மீதி இங்கிலீஷு. எனக்குப் பெரிய சூசா, தலவலி." நாலடி நடந்து நின்றார். பினாங்கில் பிறந்திருக்க வேண்டிய மனிதர். "தலைவரம்மா, என் மவனுக்குத் தைப்பூசம் கழிச்சுக் கல்யாணம். வீடு வேணும்."

"எழுதிக்கிறேன்," என்றாள் மணியம்மா. "பிள்ளைக் கொட்டகைக்குப் பக்கத்துல உரம் வெக்கிற ரூம் ரெண்டு சும்மா கிடக்கு. துரைகிட்ட கேட்டுச் சுவர் வெச்சுத் தரச் சொல்றேன்."

"உர நாத்தம் அடிக்குமே!"

"மருந்தடிக்கிற வீட்டுப் புள்ளதானே. பழகியிருப்பான்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கருப்பையாவும் கொஞ்சம் சிரித்தார், வேறு வழியில்லை.

மறுநாள் பட்டியல் போயிற்று. பதினேழாம் நம்பர் வீட்டுக்கு நேரே மணியம்மா என்று இருந்தது. கீழே தலைவரின் கைநாட்டு. பெருவிரலும் ஊதாவாகவே இருந்ததால் தனியாக மை தேவைப்படவில்லை என்று கிராணி சொன்னார். நம்பவில்லை, ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது.

நான் தேர்தலன்று மாலையே ரிங்லெட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மூட்டையைச் சரி செய்தேன். மாம்பழ நிறச் சேலையின் ஓரத்தில் ஒரு ஊதாக் கறை. கறைக்கு நடுவில் கரை மடித்துத் தைத்த இடம் புடைத்திருந்தது. தையலில் இரண்டு இழையைப் பிரித்து, உள்ளே ஒரு விதையைத் தள்ளியிருந்தார்கள்.

அடுத்த மாதம் கல்லுமலைக்குப் போனேன். சீதாவும் மணியம்மாவும் ஒன்றாக வந்தார்கள், ஒரே பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, அன்று மழை. மணியம்மா பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி கிழிக்கச் சொல்லிவிட்டு, யாரோ குழாய் விஷயமாகக் கூப்பிட்டார்கள் என்று போனாள். சீதா மூட்டையை மேலும் கீழும் புரட்டினாள்.

"அந்த மாம்பழக் கலரு சேலை எங்க அண்ணே?"

"அதுல கறை பட்டுப் போச்சு."

"எவ்வளவுக்குக் குடுப்பீங்க?"

"விக்கிறதுக்கு இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பேரத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள், எதிராளிக்கு எவ்வளவு தெரியும் என்று. நான் தெரிந்ததைச் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்தவன். சீட்டித் துணி ஒன்றை எடுத்து உதறிக் காட்டினேன்.

"அந்தக் கறை போகாதா?" என்றாள்.

"போகாது."

"போகாட்டி போகுது," என்று சொல்லி, போன மாதம் வேண்டாம் என்று வைத்த அதே துணியில் மூன்று கெஜம் கிழிக்கச் சொன்னாள். விலை பேசவே இல்லை.

அந்தச் சேலை இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. யாருடைய விதை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கருப்பையா ஒரு முறை ஒரு பெட்டி பால் டின் தருவதாகச் சொன்னார். அந்தச் சரக்கு மட்டும் என்னிடம் விற்பனைக்கு இல்லை. அன்றைய கணக்கு இதோ:

செக்ரோலில் பேர் நூற்று நாற்பத்திரண்டு. கொடுத்த விதை நூற்று நாற்பத்திரண்டு. மஞ்சள் கூடை எழுபத்தொன்று. சிவப்புக் கூடை எழுபது. சேலைக் கரையில் ஒன்று. இரண்டு பக்கமும் சரி.